படத்தில் மை வைக்கக் கூடாது

"மேடம், அந்தக் காலத்து மெஷின்ல ஒரு பிள்ளையோட முகம் வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டாள், நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் இப்போது இருக்கும் இளம் டாக்டர்.

"எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறேன். சர்க்கரை போதாது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுவிட்டும் வந்திருக்கிறேன்.

அன்று சென்டரில் புது மெஷின் வந்திருந்தது. ஓய்வு பெற்றவள் என்ற மரியாதைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வயிற்றில் கருவியை வைத்த மறுகணம் பிள்ளை திரையில் கொட்டாவி விடுகிறது, நாக்கை நீட்டுகிறது, காலை ஆட்டுகிறது. அங்கே இருந்த டாக்டர் பெண்கள் அதை இரண்டாம் முறை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கோ கை துறுதுறுவென்றது. பழைய கதை ஒன்றை ஆரம்பித்தேன். பாதியில் அடுத்த பேஷண்ட் வந்துவிட்டார். "மீதியை எழுதிக் கொடுங்க மேடம்" என்றார்கள். முப்பது வருஷம் ரிப்போர்ட்டில் நாலு வரிக்கு மேல் எழுத விடாமல் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தார்கள். இப்போது பார்த்துக்கொள்கிறேன்.

நான் படித்த கதையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். டாக்டர் படிப்பு திருநெல்வேலியில், ஸ்கேன் படிப்பு சென்னையில். சென்னையில் இருந்தவரை சாப்பாட்டையும் தண்ணீரையும் திட்டிக்கொண்டே இருந்தேன். படிப்பு முடிந்ததும் முதல் ரயிலைப் பிடித்து ஊருக்கு வந்து, பாளையங்கோட்டையில் ராஜமணி சாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

ராஜமணி சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஒல்லியான மனிதர். எப்போதும் அரைக்கைச் சட்டை. வாய்க்குள் ஏதாவது சர்ச் ஞானப்பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். வயிற்றில் தடவும் ஜெல் பாட்டிலை வெந்நீரில் போட்டு வைக்கச் சொல்வார். "பச்சத் தண்ணிய ஒம் வயித்துல ஊத்துனா நீ சும்மா இருப்பியா?" என்று என்னிடம் முதல் நாளே கேட்டார். எந்தப் பெண் படுத்தாலும், "வைக்கட்டுமா தாயி?" என்று கேட்டு, அவள் தலையாட்டிய பிறகுதான் கருவியை வயிற்றில் வைப்பார். கூட்டம் தெருவரை நின்றாலும் அந்தக் கேள்வியை விட்டதே இல்லை. ஒருநாள் ஒரு கலெக்டர் ஆபீஸ் அம்மாள், "வைக்கத்தானே சார் வந்திருக்கேன்" என்று எரிந்து விழுந்தார். "அதான் கேக்கேன் தாயி" என்றார் சார், கையைத் தூக்கியபடியே.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் முக்கியமானது, என்ன தெரிந்தாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பது. "படுத்திருக்கிறவ ஸ்கிரீனப் பாக்குதான்னு நினைக்காத. நம்ம மூஞ்சியப் பாக்குதா" என்பார். நான் எதற்கும் சட்டென்று முகம் மாறுகிறவள். அதைப் பழகுவதற்குள் உயிர் போய்விட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் சார் யார் பேச்சையும் கேட்காமல் முப்பரிமாண மெஷின் வாங்கினார். ஒரு பீரோ அளவுக்கு இருந்தது. மாடிப்படி திருப்பத்தில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் ஒரு மதியம் முழுக்க நின்றது. சுமை தூக்க வந்த அண்ணாச்சி ஒருவர், "உள்ள பிள்ளயே இருக்கா டாக்டரம்மா, இந்தக் கனம் கனக்கு?" என்று கேட்டார்.

அது வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். சாதாரண ஸ்கேன் ஒரு நேரத்தில் ஒரு வெட்டுமுகத்தைத்தான் காட்டும், ரொட்டியில் ஒரு துண்டைப் பார்ப்பதுபோல. இந்தக் கருவிக்குள் சின்ன மோட்டார் இருந்தது. வயிற்றில் வைத்து பட்டனை அழுத்தினால் கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சாய்ந்து, துண்டு துண்டாகப் படம் எடுக்கும். அந்தச் சில விநாடிகள் தாயும் அசையக் கூடாது, பிள்ளையும் அசையக் கூடாது. பிறகு கம்ப்யூட்டர் எல்லாத் துண்டுகளையும் அடுக்கி முகமாக்கும். அந்த நேரம்தான் நான் காபி குடித்த நேரம்.

பழகுவதற்காக ஒரு ரப்பர் பொம்மையை வாங்கி, மிதக்காமல் இருக்க அதன் காலில் கல்லைக் கட்டி, தண்ணீர் வாளிக்குள் போட்டு ஸ்கேன் செய்தோம். பாளையங்கோட்டையில் எங்கள் மெஷின் காட்டிய முதல் முகம் அந்தப் பொம்மையுடையதுதான். இரண்டு காதும் மூக்கும் தெளிவாக வந்தபோது நானும் சாரும் கைகொட்டிக் குதித்தோம். வெளியே காத்திருந்தவர்கள் என்ன பிள்ளை பிறந்தது என்று எட்டிப் பார்த்தார்கள்.

பொம்மை அசையாது. மனுஷி அசைவாள். மாஞ்சோலை மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்த ஒரு பெண்ணுக்கு, மூச்சைப் பிடிக்கச் சொன்னாலே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிப்பில் வயிறு குலுங்கி, பிள்ளைக்கு ரெண்டு மூக்கு வந்துவிட்டது. இது மெஷினின் குளறுபடி என்று சொல்லி, இன்னொரு முறை எடுத்தோம். மூன்று மூக்கு. அதைப் பார்த்து அவள் இன்னும் சிரித்தாள், சாரும் சேர்ந்துகொண்டார். அவள் மூக்குப் படம் எதையும் வாங்காமலே, நல்லபடியாக இருக்கிறது என்ற ரிப்போர்ட்டோடு மலையேறினாள்.

அடுத்து வந்ததுதான் மை வைத்த கதை. ஏரலில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த ஒரு அண்ணாச்சியின் மகளுக்கு முகம் அச்சு அசலாக வந்தது. படத்தை அச்செடுத்துக் கொடுத்து அனுப்பினோம். இரண்டாம் நாள் டவுணிலிருந்து பிரசவம் பார்க்கும் பெரிய டாக்டரம்மா போன் செய்தார். "ராஜமணி, படத்துல மேலுதட்டுக்குப் பக்கத்துல கருப்பா ஒரு குழி தெரியுது. ரிப்போர்ட்ல ஒண்ணும் எழுதலயே நீ?"

சாருக்கு வேர்த்துவிட்டது. மெஷினில் இடம் போதாமல் பழைய படங்களை அன்றன்றைக்கு அழித்துவிடுவோம். எனவே ஏரலுக்கு ஆள் விட்டோம். ஒரு வேன் நிறைய ஜனம் வந்து இறங்கியது. மறுபடி ஸ்கேன் செய்தால் உதடு ஆரஞ்சுச் சுளைபோல முழுசாக இருக்கிறது. சார் அந்தப் பழைய படத்தை வாங்கி விளக்கடியில் வைத்துப் பார்த்தார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெல்லத் துடைத்தார். குழி பஞ்சோடு வந்துவிட்டது.

"அண்ணாச்சி, இது யார் வச்சது?"

"எங்க வீட்டுக்காரிதான் வச்சா சார். இம்புட்டு அழகாக் காட்டிட்டிய. பஸ்ஸுல வாரவன் போறவன்லாம் வாங்கிப் பாக்கான். கண்ணு படாதா?"

சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர்கள் போன பிறகுதான் கோபம் வந்தது. மறுநாளே பெயின்டரைக் கூப்பிட்டு, 'பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம்' என்ற போர்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு போர்டு எழுத வைத்தார்: 'படத்தில் மை வைக்கக் கூடாது.' முதல் போர்டை மீறிக் கேட்டால் எப்படிக் கத்துவாரோ, அதே மாதிரிதான் இரண்டாவதற்கும் கத்துவார். படம் கொடுக்கும்போது பெண்களின் கட்டைவிரலில் மை ஒட்டியிருக்கிறதா என்றுகூட ஒரு பார்வை பார்ப்பார்.

இத்தனையும் சொன்னது இசக்கியம்மாளைப் பற்றிச் சொல்லத்தான்.

இசக்கியம்மாளும் அவள் புருஷன் சுடலைமுத்துவும் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்தார்கள். அவருக்கு அங்கே நூல் மில்லில் வேலை. அவளுக்கு ஏழாம் மாதம் முடிந்திருந்தது. முதல் பிள்ளை செல்வி மேலுதடு பிளந்து பிறந்தவள். ஆபரேஷன் ஆகி, இப்போது தெருவையே விலைக்கு வாங்கும் வாயாடியாக இருக்கிறாள் என்று இசக்கியம்மாளே சொன்னாள். இந்தப் பிள்ளைக்கும் உதடு சரியாகத் தெரியவில்லை, முப்பரிமாணத்தில் பார்த்தால் நல்லது என்று அவர்கள் ஊர்ப்பக்கத்து டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார்.

"வைக்கட்டுமா தாயி?" என்றார் சார். தலையாட்டினாள். சார் முன்பே சொன்னபடி, அவள் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் முகத்தை இரும்பாக்கிக்கொண்டேன்.

பிள்ளை ஒரு கையை முகத்தில் வைத்திருந்தது. போதாததற்குத் தொப்புள்கொடி உதட்டின் மேல் குறுக்காகக் கிடந்தது. இப்படி இருக்கும்போது படம் எடுத்தால் கொடியின் நிழலே பிளவு மாதிரி வந்துவிடும். இல்லாத பிளவை உண்டாக்கி ஒரு குடும்பத்தை அழ வைக்கலாம், இருக்கிற பிளவை மறைத்தும் விடலாம். சார் பட்டனைத் தொடவே இல்லை. "எந்திரி தாயி. வராண்டாவுல பைய நடந்துட்டு வா. ஒரு ஆரஞ்சு கலர் சோடா வாங்கிக் குடி. பிள்ள கொஞ்சம் புரளட்டும்" என்று அனுப்பினார்.

அவள் கலர் பாட்டிலோடு வெளியே உட்கார்ந்ததும் சுடலைமுத்து எங்களை அறைக்குள் மறித்துக்கொண்டார்.

"சார், எதுவும் இருந்துச்சுன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. அவகிட்ட வேண்டாம்."

"ஏன்வே?"

"செல்வி பொறந்தப்ப அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோறு தண்ணி கெடையாது. பேச்சு கெடையாது. பிள்ளய மடியில போட்டுக்கிட்டு சொவரையே பாத்துக்கிட்டு இருந்தா. கிரகணத்தன்னைக்கு காய் நறுக்குனா, அதான் உதடு அறுந்துட்டுன்னு ஆளாளுக்குச் சொல்லுதாவ. இன்னொரு மட்டம் அவள அப்பிடிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல சார். பிரசவம் வரைக்குமாவது நிம்மதியா இருக்கட்டும்."

பெரிய உடம்புக்காரர். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் கேட்பதில் என்ன தப்பு, இன்னும் இரண்டு மாதம் அந்தப் பெண் நிம்மதியாகத்தான் தூங்கட்டுமே என்று எனக்கே தோன்றியது.

"கிரகணத்துக்கும் உதட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாதுவே. வயித்துல ரொம்பச் சின்னதா இருக்கும்போதே உதடு ரெண்டு பக்கத்துல இருந்தும் வந்து சேரணும். சிலதுக்குச் சேராமப் போயிரும். அவ நறுக்குன கத்திரிக்காய்க்கு அதுல ஒரு பங்கும் இல்ல" என்றார் சார். "மத்தத அவகிட்டதான் கேக்கணும்."

"கேட்டாலே பயந்துருவாளே சார்."

"கேக்காட்டி மட்டும் பயப்படாமலா கெடக்கா? இந்தா, இந்த டாக்டரம்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கெடக்கா."

அவள் திரும்ப உள்ளே வந்தபோது சுடலைமுத்துவும் கூடவே வந்து சுவரோரமாக நின்றுகொண்டார்.

கலர் வேலை செய்திருந்தது. பிள்ளை கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கொடி கழுத்துப் பக்கம் நழுவியிருந்தது. முகத்துக்கு முன்னால் நல்ல பனிக்குடத் தண்ணீர். அது இருந்தால்தான் முகம் துலங்கும். "மூச்ச இழுத்துப் பிடி தாயி." மோட்டார் கிர்ரென்று ஓடியது. இசக்கியம்மாள் சிலைபோலக் கிடந்தாள். அவ்வளவு அசையாமல் கிடந்த பெண்ணை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

முகப்படம் எவ்வளவு அழகாக வந்தாலும் சார் அதைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் வெட்டுமுகங்கள். திரையில் மூன்று கட்டங்களில் மூன்று திசை வெட்டு நிற்கும். குமிழைத் திருகத் திருக, நெற்றியிலிருந்து தாடைவரை ஒவ்வொரு துண்டாக நகரும். உதட்டுக்கு வந்ததும் சார் கை நின்றது. இடது பக்கம் மேலுதட்டில் ஒரு வெட்டு. முன்னால் போனார், பின்னால் வந்தார். மறுபடி மூச்சைப் பிடிக்கச் சொல்லி இன்னொரு தடவை எடுத்தார். பிறகு இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அதே வெட்டு. மெஷினின் குளறுபடி இடம் மாறும், இது மாறவில்லை.

சார் வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுவிட்டது. முகத்தைச் சேர்க்கும் பட்டனை அழுத்தினார். திரையின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு எறும்பாக ஊரத் தொடங்கியது. அன்று நான் காபிக்கு எழுந்திருக்கவில்லை.

சார் நாற்காலியை இசக்கியம்மாள் பக்கம் திருப்பிப் போட்டார். "தாயி, கொஞ்ச நேரத்துல இது ஒம் பிள்ள முகத்தக் காட்டும். என்ன தெரிஞ்சாலும் ஒங்கிட்டச் சொல்லட்டுமா? வேண்டாம்னா வேண்டாம். ஒன் இஷ்டம்தான்."

சுடலைமுத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். இசக்கியம்மாள் முழங்கையை ஊன்றி எழுந்துகொண்டாள்.

"சார், செல்வி பொறந்த ஒடனே மூஞ்சில துணியப் போட்டு மூடித் தூக்கிட்டுப் போயிட்டாவ. என்னாச்சுன்னு கேட்டா ஒருத்தியும் வாயத் தொறக்கல. மறுநாள் வரைக்கும் கொண்டாந்து காட்டல. எம் பிள்ள செத்துப் போச்சு, அதான் மறைக்காவன்னு நான் உள்ளுக்குள்ளயே அழுதுக்கிட்டுக் கெடந்தேன். பெறவு காட்டுனாவ. உதடு பிளந்திருந்தா என்ன சார், உசுரோட இருந்தா! ஆனா அந்த ஒரு ராத்திரி என்னய விட்டுப் போகவே இல்ல. அதுக்குப் பெறவு யாரு எது சொன்னாலும் நம்ப முடியல. யாருகிட்டயும் பேச முடியல." மூச்சு வாங்கினாள். "இந்தப் பிள்ளய ஒருத்தரும் மூடக் கூடாது. எம் பிள்ள மூஞ்சிய நாந்தான் மொதல்ல பாக்கணும்."

"ஏளா, எங்கிட்ட நீ இத சொல்லவே இல்லயே" என்றார் சுடலைமுத்து.

"நீங்க கேக்கவே இல்லயே."

வெள்ளைக் கோடு முடிந்தது. முதலில் நெற்றி வந்தது, பிறகு மூடிய கண்கள், உப்பிய கன்னம், மூக்கு. கடைசியாக உதடு, இடது பக்கம் சின்னதாக விலகி. சார் திரையை அவள் பக்கம் திருப்பினார். நான் ஒரு கையில் தண்ணீர் டம்ளரும் ஒரு கையில் பஞ்சுமாக, அவள் அழப்போகிறாள் என்று தயாராக நின்றேன்.

அவள் சிரித்தாள்.

"ஏ, செல்வி!" என்றாள். "இங்க பாருங்களேன், அப்படியே அவளை உரிச்சு வச்சிருக்கு! இந்த மூக்கு, இந்த நெத்தி. பொறந்தப்ப அவ இப்படியேதான இருந்தா?"

சுடலைமுத்து பைய நகர்ந்து முன்னால் வந்து குனிந்து பார்த்தார். சார் ஒவ்வொன்றாகச் சொன்னார். உதட்டில் பிளவு இருக்கிறது. உள்ளே அண்ணம் எப்படி என்று இந்தப் படத்தில் தெரியவில்லை, தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டேன். மற்றபடி தலை, இதயம், கை, கால் எல்லாம் பார்த்தமட்டில் நன்றாக இருக்கின்றன. பிறந்த சில மாதத்தில் உதட்டுக்கு ஆபரேஷன் செய்யலாம், அந்த டாக்டரிடம் இப்போதே பேசி வைக்கிறேன். பால் குடிக்கச் சிரமப்பட்டால் சங்கு மாதிரி இருக்கும் பாலாடையில்தான் கொடுக்கவேண்டி வரும்.

"செல்விக்குக் குடுத்த பாலாடை வீட்டுலதான் இருக்கு சார். பெரட்டாம, பொரைக்கேறாம குடுக்க எனக்குத் தெரியும்" என்றாள், பரீட்சையில் படித்த கேள்வியே வந்துவிட்டது போன்ற முகத்தோடு.

அச்சு மெஷினிலிருந்து படம் சுருண்டு வந்தது. அவள் இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் கண்ணோரத்தைத் தடவினாள். வழக்கமாக மை இருக்கும் இடம்; வேர்வையில் எப்போதோ கரைந்துபோயிருந்தது.

"சார், இங்கன கொஞ்சம் மை இருக்குமா?"

"எதுக்குத் தாயி?"

"எம் பிள்ளைக்குக் கண்ணு பட்டுரக் கூடாதுல்லா."

அவள் தலைக்கு நேர் மேலேதான் போர்டு தொங்கியது. நான் சாரைப் பார்த்தேன். சார் போர்டைப் பார்த்தார். அந்த அறையில் அத்தனை வருஷம் எந்தக் கெட்ட சேதியையும் முகத்தில் காட்டாமல் இருந்த மனிதரின் உதடு துடித்ததை அன்று பார்த்தேன். எக்ஸ்ரே உறையில் பெயர் எழுத வைத்திருந்த தடித்த கருப்புப் பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, மூடியைத் தானே கழற்றி, அவளிடம் நீட்டினார்.

"கன்னத்துல வை தாயி. உதட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம். அத ஆபரேஷன் டாக்டர் பாக்கணும்."

சுடலைமுத்து படத்தின் அடியைப் பிடித்துக்கொடுக்க, அவள் படத்தில் பிள்ளையின் கன்னத்தில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தாள்.

அவர்கள் போன கையோடு சார், பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். ரிப்போர்ட்டில் எழுதியதையெல்லாம் சொல்லிவிட்டு, "இன்னொண்ணு. பிள்ள முகத்துல யாரும் துணி போடக் கூடாது. பொறந்ததும் மொதல்ல தாய்கிட்ட காட்டணும். இத கேஸ் ஷீட்லயே எழுதும்வே" என்றார். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே போனை வைத்தார்.

பிள்ளை பிறந்த செய்தி கேட்டு நான் பார்க்கப் போனேன். வார்டில் இசக்கியம்மாள் சாய்ந்து உட்கார்ந்து, பாலாடையால் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கும்படி பிள்ளையின் முகம் திறந்தே இருந்தது. கட்டில் கம்பியில் அந்தப் படத்தைச் செருகி வைத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரியிடம் படத்தையும் பிள்ளையையும் மாறி மாறிக் காட்டி, "நான் முந்தியே பாத்துட்டேன்" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது சுடலைமுத்து வேகமாக உள்ளே வந்தார். சட்டையெல்லாம் வேர்வை. கையில் கடையிலிருந்து அப்போதுதான் வாங்கிய புது மை டப்பா. மூடியைத் திறந்து, மில்லில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டுப் போட்டுக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலால் மையைத் தொட்டுக்கொண்டு பிள்ளையின் மேல் குனிந்தவர், சட்டென்று நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டரம்மா, படத்துல எந்தக் கன்னத்துல வச்சோம்?"